பொழுது சாயுமுன்

விளக்குக் கரியைச் சுரண்டிப் பிசின் குழைத்து
மூன்று நாள் நிழலில் ஆறிய மை.
வெள்ளாட்டுத் தோலில் ஊசியால் கோடிழுத்து
கோட்டுக்குக் கீழே எழுத்துகளைத் தொங்கவிடுவேன்,
கொடியில் துணி காயப்போடுவதுபோல.
லாக்கீஷ் ஊரில் என் கையெழுத்தை
ஆசாரியர்களே விரல் தடவிப் பார்ப்பார்கள்.

ஹஷூம் வந்தது ஒலிவம் உலுக்கும் மாதத்தில்.
உப்புக்கடல் பக்கமிருந்து
இரண்டு கழுதை, நான்கு மூட்டை.
பலிபீடத்தில் தூவுவது அவன் உப்புதான்.
விற்றான். வெள்ளியை நிறுத்து வாங்கினான்.
பிறகு கடைசி மூட்டைமேல் ஏறி நின்று
"அவருக்குப் பசியில்லை" என்றான்.

கூட்டம் சிரித்தது.
அவன் சிரிக்கவில்லை.
"கொழுப்புப் புகை அவர் கண்ணைக் கரிக்கிறது.
நிறுத்துங்கள்.
உங்கள் பண்டிகை நாளில் அவர் ஊரிலேயே இல்லை."

உள்ளே ஓடினேன்.
தோராச் சுருளில் ஆறாம் பத்தி:
காளை, கடா, புறா,
எந்த நாளுக்கு எது, மாவு எத்தனை படி.
ஒரு கீற்றுப் பிசகாமல் நானே எழுதியது.
இதை அழிக்க இந்த உப்புக்காரன் யார்?
பொய் சொன்ன வாயை என்ன செய்வதென்றும்
அதே சுருளில் இருக்கிறது.
கற்கள் எங்கே குவிந்து கிடக்கின்றன என்றும்
எனக்குத் தெரியும்.

தூங்கும் பிள்ளையைத் தூக்கிவருவதுபோல
சுருளைத் தோளில் சாய்த்து வாசலுக்கு வந்தேன்.
"யார் தந்தது உனக்கு அதிகாரம்?
இதோ, எழுதியிருக்கிறது."

அவன் குனிந்து தோலை முகர்ந்தான்.
"நல்ல ஆடு" என்றான்.
"எனக்குப் படிக்க வராது. நீயே படி.
மாட்டையும் புறாவையும் தாண்டி,
அடுத்த பத்தி."

ஏழாம் பத்தி.
ஒன்பது முறை படியெடுத்திருக்கிறேன்,
ஒருமுறையும் வாய்விட்டு வாசித்ததில்லை.
ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கினால்
இருட்டுமுன் அவன் தோளுக்கே அது திரும்பவேண்டும்;
அவன் குளிரில் முனகினால்
கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.
திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது,
செக்கில் வேலைசெய்யும் கெலாயா.
இரண்டு படி வாற்கோதுமைக்கு
அவன் மேலாடை என் அறையில் இருந்தது
ஏழு இரவாக.
ஈரம் ஏறாமல் இருக்க
தோல்களுக்கு அடியில் விரித்திருந்தேன்.
எழுதாத தோல்களுக்கும்,
எழுதியவற்றுக்கும்.

ஹஷூம் புதுச் சட்டம் எதையும் கொண்டுவரவில்லை.
பழையதைத்தான் கொண்டுவந்தான்,
மை காயாமல்.

இருந்தும் என் வழக்கு தீரவில்லை.
நாளை இன்னொருவன் வருவான்.
அதே மூட்டைமேல் ஏறி
"அசூர் படை வராது, நிம்மதியாய் உறங்குங்கள்" என்பான்.
"அவர் சொன்னார்" என்று தொடங்க
அவனுக்கும் தெரியும், தேன் குரலில்.
அந்தக் குரலை எதில் உரசிப் பார்ப்பேன்?
என் கை சுருளைத்தான் தேடும்.
ஆனால் இவன் வராதிருந்தால்
சுருள்?
நல்ல ஆடு.

ஆறாம் பத்தியை அவன் அழித்தானா,
ஏழாவதைத் தாண்டாமல் அங்கே போகாதே என்றானா,
கேட்டிருக்கலாம்.
அதற்குள் கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

மேலாடையை உதறி மடித்தேன்.
மடித்தது சரியில்லை, மறுபடி மடித்தேன்.
வாற்கோதுமையை விட்டுவிடுவதா என்று
தெருக்கோடி வரை கணக்குப் போட்டேன்.

கெலாயா கதவைப் பாதி திறந்தான்.
வாங்கினான். முகர்ந்தான்.
"தோல் நாற்றம் அடிக்கிறது" என்றான்.
ஆமாம் என்றேன்.

சூரியன் மறைந்து
வெகுநேரமாகியிருந்தது.